நம் முதியோரும் மருத்துவமனை வாயிலும்

வெள்ளி விழா மலர் என்றால் அதில் தேர்வில் முதன்மை பெற்ற பிள்ளைகளின் பட்டியலும், பட்டம் பெற்றோர் பெயர்களும், கட்டட நிதிக்கு நன்கொடை ஈந்த பெருமக்களின் நிழற்படங்களும் இடம்பெறுதல் மரபு. கல்விச் சங்கம் ஒன்றன் மலரில் முதியோரின் மருத்துவத்தைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என்று அன்பர்கள் சிலர் ஐயுறலாம். இச்சங்கம் தோன்றிய நாளில் நம்மிடம் பணமில்லை. வீடுதோறும் பிடியரிசி தண்டித்தான் இரவுப் பாடசாலைக்குக் கரும்பலகையும் பாயும் வாங்கினோம். அப்பிடியரிசியை அள்ளிக் கொடுத்த கைகள் அன்று ஐம்பது வயதுக் கைகள். இன்று அவை எழுபத்தைந்தை எட்டி, நடுக்கத்துடன் மருந்துச் சீட்டைப் பற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கின்றன. ஆகவே அவர்களுக்குரிய வரலாறு இம்மலரில் சில பக்கங்களைப் பெறுதல் முறையே என்று துணிந்தேன்.

மருத்துவமனை உண்டா என்பது ஒரு வினா. அம்மருத்துவமனைக்கும் நம் தெருவுக்கும் இடையிலுள்ள தொலைவை யார் கடப்பது என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக் காலமாக ஆணைகளும் சட்டங்களும் விடை கூறி வந்துள்ளன. இரண்டாவது வினாவை ஆள்வோரும் பெரிதாகக் கேட்டாரில்லை. நம் தலைவர்களும், பள்ளிக்கும் கிணற்றுக்கும் சாலைக்கும் போராடிய அவசரத்தில், அதனைத் தனியே எடுத்துப் பேச நேரம் பெற்றாரில்லை. இளைஞன் நடந்து கடந்துவிடும் தொலைவுதான் அது. முதியவர்க்கு அத்தொலைவே நோயினும் பெரிதாகிவிடுகின்றது.

நம் மக்கள் மருத்துவம் அறியாதவராய் இருந்தனர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. 1907இல் தொடங்கித் ‘தமிழன்’ இதழை நடத்திய பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) தொழிலால் சித்த மருத்துவர். அவருடைய சிந்தனைகளைப் போற்றுகின்ற நாம், நாடி பார்த்து மருந்து கொடுத்த கை அவருடைய கை என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். பல ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்களும் நம் தெரு மருத்துவச்சியரே. மேல்தெருவில் பிள்ளை பிறக்கும் இரவில் அக்கைக்குத் தீட்டில்லை. தொப்புள்கொடி அறுத்து விடிந்தபின் மீண்டும் தீட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். எனினும் முதுமையின் நோய்கள் வேறு. கண்புரை, குடலிறக்கம், நீரடைப்பு, உடைந்த இடுப்பெலும்பு ஆகியவற்றுக்கு மூலிகை ஓரளவுக்குமேல் உதவவில்லை. பழைய மருத்துவத்தின் பெருமையைப் பேசுவோர் இதனை மறைத்தல் ஆகாது. பார்வை மங்கிய முதியவர் திண்ணையில் அமர்ந்து, அமர்ந்தவாறே முடிவெய்துவதே நம் தெருக்களில் இயல்பு என்று கொள்ளப்பட்டிருந்தது.

சென்னை நகரில் வடபகுதி மக்கள் இன்றளவும் ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லக் கேட்கலாம். இப்பெயரில் ஒரு வரலாறு உறங்குகின்றது. 1782இல் ஐதர் அலியின் போரினாலும் பஞ்சத்தினாலும் ஊர்களைத் துறந்து சென்னைக்கு ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். அதனருகே, பசியோடு நோயும் சுமந்து வந்தவர்களுக்காகச் சுதேசி மருந்தகம் ஒன்று வளர்ந்தது. அம்மருந்தகமே பின்னாளில் பெருமருத்துவமனையாகவும், 1938இல் மருத்துவக் கல்லூரியாகவும் உயர்ந்தது. சத்திரமோ ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லமாகத் தொடர்ந்தது. பசித்தவனையும் பிணியாளனையும் முதியவனையும் அக்காலத்தில் வேறுவேறு துறைகளாகப் பிரித்து வைக்கவில்லை. ஒரே தொட்டியருகே மூவரும் நின்றனர். பிற்காலத்து நிருவாகம் அம்மூவரையும் மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பியது. அதன் விளைவைக் கீழே காண்போம்.

அதே நகரில் 1885இல் தோன்றிய மற்றொரு மருத்துவமனையின் பெயரும் நினைவிற்கொள்ளத் தக்கது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் நிலையம், தொடக்கத்தில் சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்கும் உரிய விக்டோரியா மருத்துவமனை என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. ஆண் மருத்துவர்முன் வரத் தயங்கிய பெண்களுக்காக நல்லெண்ணத்தோடு நிறுவப்பட்டதே அது. அதன் தொண்டை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், நல்லெண்ணமுங்கூடத் தன் பெயர்ப்பலகையின் முதற்சொல்லாக எதனை எழுதிற்று என்பதை வரலாறு பதிந்து வைத்துள்ளது.

இனிச் சட்டங்களுக்கு வருவோம். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாய், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் எவ்வகுப்பாரும் செல்வதற்குத் தடையில்லை என்று அரசாணை பிறந்தது. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூகத் தகுதியின்மைகளை அகற்றும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைக் கூர்ந்து படிப்போர்க்கு ஒன்று புலப்படும். கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவை அங்கே பெயர் கூறிக் குறிக்கப்பட்டுள்ளன. மருத்துவமனை என்னும் சொல் இல்லை. அக்குறை 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தில் நீங்கிற்று. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ தீண்டாமை காரணமாக ஒருவரைச் சேர்க்க மறுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று வெளிப்படையாகக் கூறியது. 1976இல் அச்சட்டமே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது.

இவ்வளவும் வாயிலைப் பற்றிய சட்டங்கள். வாயில்வரை வந்து சேர்ந்தவனைத் திருப்பியனுப்பாதே என்பதே இவற்றின் சாரம். வரவியலாதவனின் நிலை என்ன என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது நம் நாட்டின் மேற்கெல்லையில், கத்தியவாரில், 1929இல் நடந்தது. தீண்டத்தகாதார் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் அதனைக் கடிதமாக எழுத, அது அவ்வாண்டு டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் அதனை எடுத்து வைத்தார். அக்குறிப்புகள் 1990இல் ஒரு சிறுநூலாக வந்தன. வெளியிட்டது, அண்ணல் 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகமே. ஒரு கல்விக் கழகம் மருத்துவம் பற்றிய செய்தியைத் தன் செலவில் அச்சிட்டதற்கு முன்மாதிரி தேடுவோர்க்கு இது போதும்.

நிகழ்ச்சி இதுதான். ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்று இரண்டு நாளில் கடும் நோயுற்றாள். மருத்துவரை அழைத்தபோது அவர் தீண்டத்தகாதார் குடியிருப்புக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்களைக் கெஞ்சி, இரண்டு ரூபாய்க் கட்டணத்துக்கு அவர்களில் ஒருவரைப் பிணை நிறுத்தியபின், குடியிருப்புக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒப்பினார். பச்சைக் குழந்தையோடு அப்பெண்ணை வெளியே கொண்டுவந்தனர். மருத்துவர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் அதனைக் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவியிடம் வைத்தார். அதே வழியில் அது திரும்பிச் சென்றது. விளக்கொளியில் பார்த்துவிட்டு, நுரையீரல் அழற்சி என்று சொல்லிச் சென்றார் மருத்துவர். மருந்து வந்தது, மருத்துவர் மீண்டும் வரவில்லை. அப்பெண் இறந்துபோனாள்.

இறந்தவள் முதியவள் அல்லள், இளந்தாய். ஆயினும் நம் பொருளுக்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை. மருத்துவர் அவ்வூரில் இருந்தார், மருந்தும் இருந்தது, கட்டணமும் செலுத்தப்பட்டது. குறைந்தது சில நூறு அடித் தொலைவும், ஒரு கை மணிக்கட்டைத் தொடும் தொலைவுமே. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அன்றே இருந்திருந்தாலும், அம்மருத்துவர் எவரையும் மருத்துவமனையில் சேர்க்க மறுக்கவில்லையே என்று வாதாட இடமிருந்திருக்கும்.

அத்தொலைவை மருத்துவம் தானே கடந்து வந்த முயற்சிகளும் நம் நாட்டில் உண்டு. 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொண்டு தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே குடியாத்தம் சாலை வழியே மருந்துப் பெட்டியுடன் சென்று, மரநிழல்களில் நோயாளரைப் பார்க்கும் சாலையோர மருந்தகங்களை நடத்தினார். மரநிழலுக்கு மேல்தெரு, கீழ்த்தெரு என்னும் வேறுபாடு குறைவு. சாலை பொதுவா அன்றா என்று சட்டமன்றம் விவாதிப்பதற்கு முன்பே சாலையோரத்தில் ஒரு மருந்தகம் இருந்தது. அந்நிறுவனம் 1977இல் கே.வி. குப்பம் வட்டாரத்தில் ஊரக நலப்பணி நிலையத்தைத் தொடங்கியதும், பின்னர் அவ்வூர்களில் முதியோர் பகலில் கூடி உண்டு உரையாடும் நிலையங்களை ஏற்படுத்தியதும் இவ்வழியின் நீட்சியே எனலாம்.

அரசின் பக்கம் நோக்கினால், 1946இல் போர் குழுவின் அறிக்கை ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் எண்ணத்தை வகுத்தது. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் அந்நிலையங்கள் ஊர்ப்புறங்களில் தோன்றின. காலப்போக்கில் 30,000 மக்களுக்கு ஒரு நிலையம், 5,000 மக்களுக்கு ஒரு துணை நிலையம், துணை நிலையத்திற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்னும் அமைப்பு உருவாயிற்று. தமிழ்நாட்டில் தாய்சேய் இறப்பு குறைந்ததற்கு அச்செவிலியரின் நடைப்பயணமே பெருங்காரணம். அவர்கள் நம் காலனிகளுக்கும் வந்தனர். ஆனால் அவர்கள் கையிலிருந்த பதிவேடுகளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். தகுதியுள்ள தம்பதியர், கருவுற்றோர், கைக்குழந்தைகள், தடுப்பூசி, கருத்தடை எனக் கட்டங்கள் இருந்தன. அறுபது வயது கடந்தவர்க்குக் கட்டம் இல்லை. செவிலியர் வாசலுக்கு வருவார். மருமகளின் எடையைக் குறிப்பார். பேரனுக்கு ஊசி போடுவார். அதே திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் கிழவியிடம் நலமா என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டிற்குச் செல்வார். இது அவர் குற்றமன்று. கட்டமில்லாத ஏட்டில் யாரும் எதையும் எழுத இயலாது.

முதியவருக்கு முதன்முதலாகக் கட்டம் ஏற்பட்டது சுகாதாரத் துறையில் அன்று, வருவாய்த் துறையில். 1962 ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆதரவற்ற முதியவர்க்கு மாதம் 20 ரூபாய், அஞ்சல் வழி மணியார்டராக. 1975இல் ஆதரவற்ற கைம்பெண்களுக்கும், 1981இல் ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர்க்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. இவற்றுள் 1981ஆம் ஆண்டுத் திட்டத்தை நம்மவர் தம்முடையதாகவே கருதினர். வயலில் முதுகு வளைந்தவர்கள் பெரும்பாலும் நாமே அன்றோ! பண்ணையாள் முறை இருந்த நாளில் கிழடான ஆளுக்குப் பண்ணையின் களத்திலிருந்து ஏதோ சிறிது நெல் கிடைத்தது. அது அடிமைத்தனத்தின் எச்சம். அம்முறை ஒழிந்தது நன்மையே. ஆயினும் கூலி முறைக்கு மாறியபின், கூலிக்கு இயலாத உடம்பை எவர் காப்பது என்னும் வினா இருபது ஆண்டுகளுக்குமேல் விடையின்றிக் கிடந்தது.

இங்கே என் அப்பாயியைப் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. 1981இல் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். விவசாயத் தொழிலாளர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதியவன் நானே. வயது என்னும் இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். “மேட்டூரு அணை கட்டி முடிச்ச வருசம் ஒன் சின்னத்தாத்தா பொறந்தாரு சாமி, அப்ப எனக்கு ரெண்டு புள்ள,” என்றார். அணை முடிந்தது 1934 என்பது பாடநூலில் இருந்தது. அதைக் கொண்டு கணக்கிட்டு எழுதினேன். அலுவலகத்தில் அணைக்கட்டைச் சான்றாக ஏற்கவில்லை. மருத்துவ அலுவலரிடம் வயதுச் சான்று பெற்று வருமாறு கூறினர். மருத்துவர் இருந்த ஊருக்கு இரண்டு பேருந்துகள். முதல் நாள் மருத்துவர் விடுப்பு. இரண்டாம் நாள் நண்பகலோடு சீட்டுக் கொடுப்பது நின்றுவிட்டது. மூன்றாம் முறை செல்லப் பேருந்துக் கட்டணமில்லை. உதவித்தொகை வந்தால்தான் மருத்துவமனைக்குப் போகலாம். மருத்துவமனைக்குப் போனால்தான் உதவித்தொகை வரும். இவ்வட்டத்தைச் சுற்றி முடிக்க ஓராண்டுக்குமேல் ஆயிற்று. அதற்குள் அவர் இடக்கண் முற்றும் இருண்டுவிட்டது. யாரும் எங்களை வைது துரத்தவில்லை, சாதி கேட்கவுமில்லை என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். தொலைவு ஒன்றே போதுமானதாயிருந்தது.

1983 சனவரியில், எம்.ஜி.ஆர். ஆட்சிக்காலத்தில், சத்துணவுத் திட்டம் உதவித்தொகை பெறும் முதியோர்க்கும் விரிவாக்கப்பட்டது. இதனைப் பொருளியல் வல்லுநர் சிலர் எள்ளினர். நம் தெருக் கிழவர்கள் எள்ளவில்லை. மருத்துவம் பற்றிய கட்டுரையில் சோற்றைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று கேட்போர், கஞ்சித்தொட்டியை மீண்டும் நினைவுகொள்க. வெறும் வயிற்றில் விழுங்கிய மாத்திரை வாந்தியாகி வருவதை நான் கண்ணாரக் கண்டவன். 

கண் பற்றிய வரலாறு இதனோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. கண்புரை முதுமையின் பொதுச்சொத்து. சிறு அறுவையால் நீங்குவது. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1960களில் அரசுப் பணியில் இருந்தபோதே ஊர்ப்புறக் கண் முகாம்களை நடத்தினார். ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இலவச அறுவை என்று முழங்கினாலும் ஏழை முதியோர் திரண்டு வந்துவிடவில்லை என்பதை அங்கே உழைத்தோர் கண்டறிந்தனர். பேருந்துச் செலவு, அங்கே தங்கும் நாளின் உணவு, உடன் வருபவரின் ஒரு நாள் கூலி, ‘இனி எனக்கெதற்குக் கண்’ என்னும் மனச்சோர்வு ஆகிய இவையே தடை. பின்னர் முகாமிலிருந்தே வண்டியில் ஏற்றிச் சென்று, உணவளித்து, அறுவை முடித்து, மீண்டும் ஊரில் கொணர்ந்து விட்டபோதுதான் கூட்டம் பெருகிற்று. என் அப்பாயியின் வலக்கண்ணுக்கு ஒளி வந்ததும் இத்தகைய முகாம் ஒன்றாலேயே. ஊர்ப் பள்ளியில் நடந்த முகாமுக்கு அவர் நடந்தே சென்றார். அவ்வண்டியில் எல்லாத் தெருக் கிழவிகளும் பச்சைத் துணி கட்டிய கண்ணோடு ஒரே இருக்கையில் நெருங்கி அமர்ந்து திரும்பிய காட்சி என் நினைவில் நிற்கின்றது. ஊர் சேர்ந்ததும் அவரவர் தெருவுக்குப் பிரிந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

முதுமை மருத்துவம் என்னும் தனித்துறையும் நம் தலைநகரில்தான் வேர்கொண்டது. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராசன் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்குப் பட்டமேற்படிப்பு ஏற்பட்டது. நடுவணரசு முதியோர் உடல்நலத்துக்கான தேசியத் திட்டத்தை 2010இல்தான் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இவை போற்றத்தக்க செயல்கள். எனினும் கீழைத் தஞ்சையின் ஒரு காலனியிலிருந்து கிண்டி எவ்வளவு தொலைவு என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

பிற ஏற்பாடுகளைச் சுருங்கச் சொல்லிச் செல்கிறேன். 1994இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தால் அரசு நிலையங்களில் மருந்து இல்லை என்னும் சொல் பெரிதும் அருகியது. 2008இல் 108 ஊர்தி வந்தது. 2009இல் உயிர்காக்கும் சிகிச்சைக்கான காப்பீடு வந்தது. 2012இல் அது வேறு பெயரில் விரிந்தது. 2024இல் 70 வயது கடந்தோர் அனைவர்க்கும் நடுவணரசின் காப்பீடு அறிவிக்கப்பட்டது. காப்பீடு மருத்துவமனையில் படுத்தவனைக் காக்கும்; இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்கும், அதனை வாங்கச் செல்லும் பேருந்துக்கும் அது பொறுப்பேற்பதில்லை. உதவித்தொகையும் 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆனால் மணியார்டர் கொண்டுவந்த அஞ்சற்காரருக்கு மாற்றாகக் கைரேகைக் கருவி வந்தபோது, நாற்பது ஆண்டுகள் அரிவாள் பிடித்துத் தேய்ந்த விரலை அக்கருவி அடையாளம் காணவில்லை. உழைப்பே ஒருவரின் அடையாளத்தை அழித்துவிட்டது என்பதைவிடக் கசப்பான நகைச்சுவை வேறுண்டோ! 

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயது கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மிகுதி. பட்டியல் இனத்தார் நூற்றுக்கு இருபதின்மர். இவ்விரு வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிற்பவர்களே நம் முதியோர்.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிவைக்கப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்தல், படுக்கையில் கிடப்போர்க்கு நோய்தணிப்புப் பராமரிப்பு, இயன்முறை மருத்துவம் ஆகியவை அதன் பணிகள். மகளிர் தன்னுதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண்களே இதன் தன்னார்வலர்கள். 2024இல் ஐக்கிய நாடுகளின் விருதும் இதற்குக் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாய்த் தோன்றுவது, அப்பெண்ணின் பையிலிருந்த அழுத்தமானியே. வெப்பமானியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பிவிடலாம், 1929இல் அனுப்பினார்கள். அழுத்தமானியின் பட்டையை அவ்வாறு அனுப்ப இயலாது. கிழவரின் கையைத் தம் கையால் பிடித்து, பட்டையைச் சுற்றி, அருகே அமர்ந்தாக வேண்டும்.

நம் காலனிக்கு வந்த தன்னார்வலப் பெண் அடுத்த ஊர்த் தெருவைச் சேர்ந்தவர். முதல் சில வாரங்கள் வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி, அங்கேயே அனைவர்க்கும் பார்த்தார். பொதுவாகப் பார்ப்பது எளிது என்பது அவர் கூறிய காரணம். அது உண்மையாகவும் இருக்கலாம். பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஓர் அம்மையாரால் மரத்தடிக்கு வர இயலவில்லை. மூன்றாம் மாதம் அவர் வீட்டினுள் சென்று, பாயோரம் அமர்ந்து, புண்ணைத் துடைத்தார். வெளியே வந்து நம் வீட்டுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். கத்தியவார் ஆசிரியரின் கடிதத்தைப் படித்தவன் என்பதால் நான் அதனைக் குறித்து வைத்துக்கொண்டேன். அப்பெண்ணுக்கு அது பெரிதாய்ப் பட்டதாகத் தெரியவில்லை.

குறைகளும் பல. காலை பத்து மணிக்குத் தன்னார்வலர் வரும்போது, நூறு நாள் வேலைக்குச் சென்ற எழுபது வயதுக்காரர் வீட்டில் இருந்ததில்லை. மகனோடு திருப்பூர் சென்று திரும்பியவரின் பெயர் இரண்டு ஊர்ப் பட்டியலிலும் இல்லாது போயிற்று. வயதுச் சான்றில்லாதோர் தொகையோ, 1981இல் இருந்ததைவிடக் குறைந்ததேயன்றி முற்றும் மறைந்ததன்று. மாத்திரை வீடு தேடி வரும். எலும்பு முறிந்தால், கண் மங்கினால், நாம்தான் அவரைத் தேடி அழைத்துச் செல்ல வேண்டும். படித்த பிள்ளை ஒருவர் உடன் சென்றால் மருத்துவமனையில் ஒரு முதியவர் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைகின்றது. எந்த அறைக்குச் செல்வது, எந்தச் சீட்டை எங்கே காட்டுவது, உணவுக்கு முன்னா பின்னா என்பவற்றைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார்.

இது கருதியே, நம் இரவுப் பாடசாலை மாணவரிடம் இவ்வாண்டு ஓர் ஏட்டைக் கொடுத்துள்ளோம். தெருவிலுள்ள அறுபது கடந்தோரின் பெயர், வயது, நோய், உண்ணும் மருந்து, அடுத்துச் செல்ல வேண்டிய நாள், உடன் செல்பவர் எனக் கட்டங்கள் இட்டது அவ்வேடு. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நிரப்பிய பக்கத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். வயது என்னும் கட்டத்தில் எண் இல்லை. ‘1952 நாகப்பட்டினப் புயலில் கைக்குழந்தை’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். உதவித்தொகைக்கு அவர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. வரும் திங்கட்கிழமை வயதுச் சான்றுக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் குறித்திருந்தாள். உடன் செல்பவர் என்னும் கட்டம் மட்டும் நிரப்பப்படாமல் இருந்தது.